நாற்பத்தேழாம் பக்கத்து ஒற்று

காஜா பெராங், மலாக்கா
9-9-1957

அன்புத் தங்கை கோகிலாவுக்கு,

அண்ணன் கலியாணசுந்தரம் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணி சீதாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை அப்பாசாமியின் நலமும் அறிய ஆவல். ஆகஸ்டில் ஒரு கடிதம் போட்டேன். சுதந்திர தின வாழ்த்து ஒன்று தனியாக அனுப்பினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. சிகாமட் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் அரை நாள்.

இங்கே முப்பத்தொன்றாம் தேதி ஊரே கொண்டாட்டம். பள்ளிப் பிள்ளைகளைப் பாடாங் திடலுக்கு அழைத்துப் போனேன். காகிதக் கொடியின் சாயம் வியர்வையில் ஒட்டி எல்லார் கையும் சிவப்பு.

ஒரு நல்ல செய்தி. கோலாலம்பூரிலிருந்து 'தென்கடல்' பத்திரிகை ஆசிரியர் எழுதியிருக்கிறார். நான் எழுதும் நூல் மதிப்புரைகளுக்கு, அதிலும் தொழில்நூல் மதிப்புரைகளுக்கு, நல்ல வரவேற்பாம். நாடு விடுதலை அடைந்துவிட்டது, இனி நம்மவர் கைத்தொழில் கற்க வேண்டும், ஆகவே மாதம் இரண்டு தொழில்நூலாவது எழுதுங்கள் என்கிறார். ஒரு தமிழாசிரியன் டீசல் எஞ்சினைப் பற்றியும் கோழி வளர்ப்பைப் பற்றியும் எழுதுவது எங்கள் தலைமையாசிரியருக்குக் கொஞ்சம் உறுத்துகிறது போலும். தெங்கேராவில் புத்தகக் கடை வைத்திருப்பவரோ என் மதிப்புரைகளை வெட்டி, அந்தந்த நூலின் மேலேயே ஒட்டி வைக்கிறார்.

மே மாதம் நான் எழுதியதைப் பார்த்து, 'மின்கலம்: அமைப்பும் பராமரிப்பும்' என்ற நூலை மாப்பிள்ளை வாங்கியதாக நீ எழுதியிருந்தாய். பேட்டரி சார்ஜ் பண்ணும் கடைக்கு அது பெரிய துணையாக இருந்திருக்குமே. அவரை இரண்டு வரி எழுதச் சொல். வாசகர் கருத்து என்று பத்திரிகையில் போடலாம்.

அன்புள்ள அண்ணன்,
அ. கலியாணசுந்தரம்


சிகாமட்
15-9-1957

அண்ணனுக்கு,

இந்தக் கடிதமும் கிடைத்தது, முன்னால் போட்ட இரண்டும் கிடைத்தன. எழுத முடியவில்லை.

இரண்டு வரி கேட்டிருக்கிறீர்கள். அவருக்கு வலது கண் போய்விட்டது. அந்தப் புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கத்தில் சொன்னபடி செய்ததால் போனது.

நடந்தது இதுதான். சுதந்திர தினத்தன்று ரேடியோ கேட்க வேண்டும் என்று தோட்டத்து ஆட்கள் பழைய பேட்டரிகளை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கடைக்குள் நிற்க இடமில்லை. எப்போதும் டவுன் கடையில் தண்ணீர் கலந்த ஆசிட் வாங்குவோம். அந்த வாரம் அங்கே அது தீர்ந்துபோயிற்று. கலக்காத ஆசிட்தான் இருந்தது. புத்தகம் இருக்கிறதே, நாமே கலந்துகொள்ளலாம் என்று அவர் ஒரு ஜாடி வாங்கி வந்தார். ஆகஸ்ட் இருபத்தெட்டு, காலை பத்து மணி இருக்கும்.

புத்தகம் சொன்னபடி கண்ணாடிப் பாத்திரத்தில் ஆசிட்டை ஊற்றினார். அதன் மேல் தண்ணீரை மெதுவாக விட்டார். இரண்டாவது குவளை விடும்போது அது கொதித்துச் சீறி முகத்தில் அடித்தது. நான் தொட்டித் தண்ணீரை வாரி வாரி ஊற்றினேன். முகத்தில் ஆசிட் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. பிறகு தேடிப் பார்த்தேன்.

இடது கண் தப்பியது என்று டாக்டர் சொன்னார். கன்னமும் கழுத்தும் இன்னும் ஆறவில்லை. ரேடியோவில் சுதந்திரம் அறிவித்தபோது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். பக்கத்து வார்டில் எல்லாரும் கைதட்டினார்கள். "என்ன சத்தம்?" என்று கேட்டார்.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த நாற்பத்தேழாம் பக்கத்தை நீங்கள் படித்தீர்களா?

கோகிலா


காஜா பெராங்
19-9-1957

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பள்ளியில் வைத்துப் பிரித்தேன். வகுப்பு நடத்த முடியவில்லை. சீதா அழுதபடியே இருக்கிறாள். இவ்வளவு பெரிய இடியை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தாயே அம்மா. தந்தி ஒன்று அடித்திருக்கக் கூடாதா?

அந்த நூலை உடனே எடுத்துப் பார்த்தேன். அச்சகத்தான் செய்த கொடுமை இது. "நீரில் திராவகத்தை" என்று ஆசிரியர் எழுதியிருப்பார். எழுத்துக் கோத்தவன் மாற்றிக் கோத்துவிட்டான். எழுதியவரோ சென்னையில் பெரிய எஞ்சினியர், பட்டம் பெற்றவர். மெய்ப்புப் பார்த்தவர்களுக்கு மன்னிப்பே கிடையாது. பதிப்பகத்துக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.

மதிப்புரைக்காரனின் வேலையையும் நீ புரிந்துகொள்ள வேண்டும். அவன் விஞ்ஞானி அல்லன். நூலின் அமைப்பு, நடை, அச்சு, தாள், நம் மொழியில் இப்படி ஒரு நூல் வந்ததே என்ற மகிழ்ச்சி, இவற்றைத்தான் அவனால் சொல்ல முடியும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு செய்முறைக்கும் அவன் பொறுப்பேற்க இயலுமா?

இந்த நேரத்தில் இதையெல்லாம் எழுதக் கூடாதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை நானும் சீதாவும் புறப்பட்டு வருகிறோம். மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று எழுது. மலாக்காவில் ஒரு நல்ல கண் டாக்டர் இருக்கிறார். விசாரித்து வைத்திருக்கிறேன்.

அண்ணன்


சிகாமட்
23-9-1957

அண்ணனுக்கு,

வர வேண்டாம். அண்ணியிடம் கோபம் இல்லை என்று சொல்லுங்கள். ஆனால் இப்போது வர வேண்டாம்.

படித்தீர்களா என்று கேட்டேன். நீங்கள் அச்சகத்தைப் பற்றி எழுதினீர்கள். நீங்கள் படித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் மதிப்புரையை நான் வெட்டி, அந்தப் புத்தகத்துக்குள்ளேயேதான் வைத்திருந்தேன். கடைசிப் பத்தியை எழுதுகிறேன், பாருங்கள்:

"அச்சுப்பிழைகள் மிகச் சிலவே. 47ஆம் பக்கத்தில் 'மெதுவாக சேர்க்கவும்' என்பதில் ச் என்னும் ஒற்று விடுபட்டுள்ளது. அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். மலாயாத் தமிழர் ஒவ்வொருவர் இல்லத்திலும் இருக்க வேண்டிய நூல்."

அண்ணா, அதுதான் அந்த வரி. "கந்தகத் திராவகத்தில் காய்ச்சி வடித்த நீரை மெதுவாக சேர்க்கவும்." அந்த வரியில் ஒற்று இல்லாதது உங்கள் கண்ணில் பட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். புத்தகத்தைக் கையில் வைத்து வாசித்தது நான். முதல் குவளை விட்டதும் பாத்திரம் சுட்டது. அவர் கையை எடுத்துக்கொண்டு, "என்னா புள்ள இவ்ளோ சூடாவுது, சரியாத்தான் படிச்சியா?" என்று கேட்டார். நான் அந்த வரியைத் திரும்பவும் சத்தமாகப் படித்தேன். படித்துவிட்டு, "அண்ணன் பார்த்த புத்தகம், சரியாத்தான் இருக்கும், ஊத்துங்க" என்றேன்.

ஊத்துங்க என்று நான் சொன்னேன். அவர் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிட்டால்கூட நன்றாக இருக்கும்.

மதிப்புரைக்காரன் வேலை என்ன என்று எனக்குப் பாடம் எழுதியிருக்கிறீர்கள். எங்களைப் போன்றவர்கள் அதை எதற்குப் பார்க்கிறோம் தெரியுமா? நடை இனிமையா, தாள் வழுவழுப்பா என்று பார்க்கவா? இதில் உள்ளபடி செய்தால் வேலை நடக்குமா, யாராவது செய்து பார்த்தார்களா, எந்த இடத்தில் கையோ கண்ணோ போகும், அதில் கேட்கிற சாமான் இந்த ஊரில் கிடைக்குமா, புதிதாகத் தொடங்குகிறவனுக்கா ஏற்கெனவே தெரிந்தவனுக்கா. இதுதான் வேண்டும். உங்கள் மதிப்புரையில் இதில் ஒன்றாவது இருந்ததா?

எனக்குக் கண் டாக்டர் வேண்டாம். அந்தப் புத்தகம் இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறதோ. எந்த இடத்தில் புகழ்ந்து எழுதினீர்களோ அதே இடத்தில், உங்கள் பெயர் போட்டு, தப்பு என்று எழுதுங்கள்.

கோகிலா


காஜா பெராங்
6-10-1957

கோகிலா,

உன் கடிதத்தைச் சீதாவிடம் காட்டவில்லை. மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன். என் மதிப்புரையின் கடைசிப் பத்தியை அவள் பார்த்துவிடக் கூடாது என்று பூட்டியபோதுதான், நான் எப்படிப்பட்டவன் என்று எனக்கே தெரிந்தது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: படித்தேன்.

எப்படிப் படித்தேன் என்பதையும் சொல்கிறேன். ஒரு நூல் வந்தால் முன்னுரையைப் படிப்பேன். பொருளடக்கத்தை அப்படியே என் வாக்கியமாக மாற்றுவேன். பிறகு நடுவில் ஐந்தாறு பக்கங்களைப் பிரித்து, சந்திப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டு பிழை கண்டால் போதும், வரிவரியாகப் படித்தவன் என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள். பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்துவது போலத்தான். பொருள் மனத்துக்குள் போகாமலே சிவப்பு மை வைக்கப் பழகிய கண் இது. அந்த மதிப்புரையை ஒரு சனிக்கிழமை மாலை தேநீர் ஆறுவதற்குள் எழுதி முடித்தேன்.

பழைய இதழ்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன். "இல்லந்தோறும் இருக்க வேண்டிய நூல்" என்று பதினொரு நூல்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்று மாட்டு வைத்தியம். நம் ஊரில் எத்தனை இல்லத்தில் மாடு இருக்கிறது?

'தென்கடல்' ஆசிரியருக்கு எழுதினேன். பதில் வந்தது. அந்தப் பதிப்பகம் தொடர்ந்து விளம்பரம் கொடுக்கிறதாம், மதிப்புரைப் பகுதியில் மறுப்புப் போட்டால் பகுதிக்கே மதிப்புக் குறையுமாம், அச்சுப்பிழைத் திருத்தமாக ஒரு குறிப்புப் போடுகிறேன் என்கிறார். எப்படியோ செய்தி போய்ச் சேர்ந்தால் சரி என்று ஒப்புக்கொண்டேன். மாத இறுதிக்குள் வந்துவிடும்.

மாப்பிள்ளை உன்னிடம் கேட்காததைப் பற்றி எழுதியிருந்தாய். உன்மேல் என்ன தப்பு? நீ நம்பினாய். அந்த நம்பிக்கையை உன்னிடம் தந்தவன் நான். "ஊத்துங்க" என்றது உன் வாயல்ல, அம்மா. அதை நீ சுமக்காதே.

அண்ணன்


சிகாமட்
3-11-1957

அண்ணனுக்கு,

பார்த்தேன். பன்னிரண்டாம் பக்கம், கூந்தல் தைல விளம்பரத்துக்குக் கீழே. "மே மாதம் மதிப்புரைக்கப்பட்ட மின்கல நூலின் சில பிரதிகளில் 47ஆம் பக்கத்தில் சொற்கள் இடம் மாறியுள்ளன. வாசகர்கள் திருத்திக்கொள்க."

எந்தச் சொல்? எப்படித் திருத்துவது? சில பிரதிகளில் என்கிறார்கள். என்னிடம் இருப்பது அந்தச் சிலவா இல்லையா என்று வாங்கினவனுக்கு எப்படித் தெரியும்? திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு சொல் உண்டா? உங்கள் பெயரும் இல்லை.

அவருக்கு வாசித்துக் காட்டினேன். பத்திரிகையை வாங்கி, அந்த வரிகளைத் தானே எழுத்துக் கூட்டிப் பார்த்தார். பிறகு, "இதப் படிக்கிறவனுக்குக் கண்ணு போவும்னு தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப எதுக்குப் போட்டானுங்க?" என்றார்.

நான் என்ன சொல்வேன்? எங்கள் அண்ணனுக்கு ஊரில் பெயர் இருக்கிறது, அது கெடக் கூடாது என்று சொல்வதா?

நான் சுமக்க வேண்டாம் என்று எழுதினீர்கள். அழகாக எழுதியிருந்தீர்கள். ஆனால் நான் இறக்கி வைக்க வேண்டும் என்றால், அதை வேறு யாராவது எல்லார் முன்னாலும் எடுத்துக்கொள்ள வேண்டும் இல்லையா? கூந்தல் தைலத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போனால் எப்படி?

தீபாவளி நாங்கள் கொண்டாடவில்லை. பலகாரம் அனுப்பியிருந்தீர்கள். அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன்.

கோகிலா


காஜா பெராங்
8-12-1957

கோகிலா,

நீ இதைப் படிக்காமலேயே வைத்துவிடலாம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

எங்கள் தெருக் கோடியில் தெய்வநாயகம் பிள்ளை என்று ஒருவர் இருக்கிறார். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் செட்டிக் கம்பத்துக்காரர். பெயர் நம் பெயர், கும்பிடுவது நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. பஸ் பட்டறையில் இருபது வருஷம் பேட்டரி வேலை. உன் கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அந்த நூலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு வரியாக எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிக்கொண்டு வந்தேன். நாற்பத்தேழாம் பக்கத்து வரியைச் சொன்னதும், குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆயர் டூலு, சிக்கு!" என்று கத்தினார். தண்ணீர்தான் முதலில், வாத்தியாரே என்கிறார். "தண்ணியில் ஆசிட்டை விடணும். ஆசிட்டில் தண்ணியை விட்டா..." இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் படீரென்று விரித்துக் காட்டினார். கண்ணாடிப் பாத்திரமும் ஆகாதாம். சூட்டில் வெடிக்குமாம். மண் ஜாடி வேண்டுமாம்.

ஒரு தமிழ் எழுத்து தெரியாத மனிதருக்கு, என் அரைகுறை மலாயில் கேட்டு, ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. புலவர் பட்டம் பெற்ற எனக்குத் தெரிந்தது ஒற்று.

"எந்தக் கழுதை இதைப் பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னது?" என்று கேட்டார். காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் திரும்பப் போய், "நேற்று நீங்கள் கேட்ட ஆள் நான்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "மற்றப் புத்தகமெல்லாம் கொண்டு வாங்க" என்றார்.

நான் மதிப்புரை எழுதிய தொழில்நூல்கள் ஏழு. ஏழையும் கொண்டுபோனேன். ஒன்றில் சொல்லியிருக்கும் எஞ்சின் இந்த நாட்டுக்கு வருவதே இல்லை. கோழி நூலில் மருந்தின் அளவு ஓரிடத்தில் ஒரு விதம், இன்னோரிடத்தில் வேறு விதம். இரண்டுமே "தெளிவான நடை" என்று நான் எழுதியவை.

பிறகு கோலாலம்பூருக்கே பஸ் ஏறினேன். ஆசிரியர் மேசை முன்னால் நின்று, எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். மதிப்புரைப் பகுதியில் போட முடியாது என்றார். அப்படியானால் அந்தப் பகுதியை இனி நான் எழுதவில்லை, இதை வாசகர் கடிதமாகப் போடுங்கள் என்றேன். வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார். நீ கேட்ட இடம் கிடைக்கவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. சென்ற வாரம் வந்துவிட்டது. இதழை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ பிரிக்காமல் விட்டாலும் இந்த நாலு வரியை மட்டும் படி:

"47ஆம் பக்கத்தில் உள்ளபடி திராவகத்தில் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். தண்ணீரில்தான் திராவகத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். அந்த வரியில் ஓர் எழுத்துக் குறைவதைக் கண்டுபிடித்த நான், அந்த வரி என்ன செய்யச் சொல்கிறது என்று பார்க்கவில்லை. என் சொல்லை நம்பி அந்த நூலை வாங்கிய ஒருவர் ஒரு கண்ணை இழந்தார். அவர் என் தங்கையின் கணவர். குற்றம் அச்சகத்துடையது மட்டுமல்ல. அ. கலியாணசுந்தரம், காஜா பெராங், மலாக்கா."

உங்கள் இருவர் பெயரையும் போடவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தலைமையாசிரியர் கூப்பிட்டு, "இதையெல்லாம் ஊருக்குச் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். கோயிலில் ஒருவர் என்னைக் காட்டிப் பக்கத்து ஆளிடம் ஏதோ சொன்னதைப் பார்த்தேன். தெங்கேராக் கடைக்காரர் என் மதிப்புரைகளை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டார். நானும் நின்று இரண்டை உரித்துக் கொடுத்தேன். உரிக்கும்போது என் பெயர் இருந்த துண்டு மட்டும் நூலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

சீதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அண்ணன்


சிகாமட்
2-1-1958

அண்ணனுக்கு,

புது வருஷத்தில் எழுதலாம் என்று வைத்திருந்தேன். பிறகு, எதற்குத் தள்ளிப்போட வேண்டும் என்றிருந்தது. ஆனாலும் நாள் ஓடிவிட்டது.

அவருக்கு அதை மூன்று தரம் வாசித்தேன். மூன்றாவது தரம் அவரே கேட்டார். முடித்ததும், "பேர் போட்டுட்டாரா?" என்றார். போட்டிருக்கிறார், ஊரும் போட்டிருக்கிறார் என்றேன். எழுந்து கடைக்குப் போய், அன்று முதல் பேட்டரிகளைத் தொட்டு வேலை செய்யத் தொடங்கிவிட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு, தண்ணீர் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நான் வாசலில் நின்றேன். "ஏன் அங்க நிக்கிற? வா, வந்து புடி" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது.

லாபிஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சேதுராமன் என்று ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். அவரும் அதே புத்தகத்தை வாங்கியிருக்கிறார். அடுத்த வாரம் கலக்க இருந்தாராம். பத்திரிகையில் பார்த்ததும் நிறுத்திவிட்டாராம். அவர் முகத்தையே இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் டிசம்பர் இருபதாம் தேதிக் கடிதமும் அதோடு அனுப்பிய நகலும் வந்தன. நிறைய வாசகர் கடிதம் போனதால், தொழில்நூல்களை மட்டும் நீங்களே பார்க்க வேண்டும், எத்தனை நாளானாலும் சரி என்று ஆசிரியர் மறுபடி கேட்டது நல்லதுதான். தையல் மெஷின் பழுது பார்க்கும் புத்தகத்துக்கு நீங்கள் எழுதியிருப்பதை, அச்சுக்குப் போகும் முன்னால் இவர் பார்க்க வேண்டும் என்று அனுப்பியிருக்கிறீர்கள். வாசித்துக் காட்டினேன். யாருக்கான புத்தகம், என்ன கருவி வேண்டும், எந்தப் படம் தெளிவில்லை எல்லாம் இருக்கிறது. பழைய மாதிரி இல்லை. அவருக்கும் பிடித்திருந்தது.

ஆனால் ஒரு வரியில் நிறுத்தச் சொன்னார். "பதினான்கு பழுதுகளையும் என் வீட்டு இயந்திரத்தில் செய்து பார்த்தேன். சொன்னபடி நடக்கிறது." நீங்கள் நகலில் விவரித்திருக்கும் முப்பத்தொன்றாம் பக்கத்து வேலையை, என் மெஷினைக் கழற்றி அவர் செய்து பார்த்தார். ஒரு கையால் சுருள்வில்லை அழுத்த வேண்டும், ஒரு கையால் சக்கரத்தை நிறுத்த வேண்டும். பிறகு திருகாணியை எதனால் முறுக்குவது? ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "மச்சான் இத எப்படிச் செஞ்சாரு? கேட்டு எழுது" என்றார்.

கேட்டு எழுதிவிட்டேன். கிண்டலுக்காக இல்லை. அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார். உங்களுக்கு ஏதோ வழி தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கோகிலா


காஜா பெராங்
7-1-1958

அன்புள்ள கோகிலாவுக்கு,

இதை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டு. அவருக்குத்தான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை, நான் செய்யவில்லை. பதினான்கில் ஒன்பதுதான் செய்தேன். ஒன்பதும் சரியாக வந்தன. அதற்குள் சீதா, "போதும், மெஷினைக் கெடுத்துவிடாதீர்கள், பொங்கலுக்குத் தைக்க வேண்டும்" என்றாள். ஒன்பது நடந்தால் மற்ற ஐந்தும் நடக்காமலா போகும் என்று பதினான்கு என்று எழுதினேன். அது எழுத எவ்வளவு எளிதாக வந்தது என்பதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் கண் போன பிறகு, ஊரார் முன் தலை குனிந்த பிறகு, உங்களுக்கே அனுப்பும் தாளில் அந்தப் பொய்யை எழுதியிருக்கிறேன். நீங்கள் சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு வழி தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டீர்களே.

கோகிலாவின் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. பள்ளி திறக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. இன்று காலையிலேயே மெஷினைக் கழற்றிவிட்டேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் தகராறுதான். நீங்கள் சொன்னது சரி. வில்லை விட்டால் தெறிக்கிறது, சக்கரத்தை விட்டால் சுற்றுகிறது. முழங்காலால் பிடித்துப் பார்த்தேன், பல்லால்கூடப் பார்த்தேன். தெய்வநாயகம் பிள்ளை வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கடைசியில் சீதா அடுப்பிலிருந்து எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வில்லைப் பிடித்துக்கொண்டாள். திருகாணி உட்கார்ந்துவிட்டது.

நகலில் அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "31ஆம் பக்கத்து வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நூல் அதைச் சொல்லவில்லை. சிகாமட் அப்பாசாமி செய்து பார்த்துக் கண்டது இது." உங்கள் பெயரைப் போடலாமா என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.

இன்னும் நான்கு பழுது பாக்கி. இன்று ஒன்றாவது முடியும். முடியாவிட்டால், செய்தது பத்து என்றே அச்சாகட்டும்.

கலியாணசுந்தரம்